கலங்கரை விளக்கத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. வடை சுட்டுக்கொண்டிருந்தேன். அவர் அடுக்களை வாசலில் வந்து நின்று, "லீவுக்கு எல்லாரும் மெட்ராஸ் போயிட்டு வரலாமா?" என்றார். கையில் தட்டி வைத்திருந்த வடை எண்ணெயில் விழாமல் தரையில் விழுந்தது.

கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் என் வீட்டுக்காரர் சென்னியப்பன் என்னைக் கூட்டிப்போன ஊர்கள் மூன்று. சாமி கும்பிடப் பழனி, முழுக்குப் போட பவானி, பல் பிடுங்க ஈரோடு. தேங்காய்க் களத்தை விட்டு ஒரு நாள் நகர மாட்டார். தேங்காய்ப் பருப்பு காயவில்லை, மழை வருது, லாரி வருது, ஏதாவது ஒன்று இருக்கும். அந்த மனுஷன் மெட்ராஸ் போகலாம் என்கிறார்.

சின்னவள் சௌமியா எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். "நெசமாவாப்பா?" என்று கேட்டுவிட்டு வீட்டையே இரண்டாக்கிவிட்டாள். "எங்கெங்க போறது, எப்பப் போறதுன்னு அம்மாவும் நீயும் எழுதிக் குடுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வீட்டில் தக்காளி வாங்குவதைக்கூட அவர்தான் முடிவு செய்வார்.

மெட்ராஸ் என்ற பேரை அவர் வாயால் கேட்டு இரண்டு வருடமாகிறது. பெரியவள் பிருந்தா அங்கேதான் இருக்கிறாள். கூட வேலை பார்த்த லோகநாதனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவர்கள் வேறு ஆட்கள். அவள் போன பதினாறாம் நாள் இவர் அவள் போட்டோவுக்கு மாலை போட்டு, ஆற்றில் தலை முழுகி, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டார். உயிரோடு இருக்கிற பெண்ணுக்குக் கருமாதி. அதற்குப் பாயசம் கிண்டியது நான்தான். அந்தக் கையை எனக்கு இன்றும் பிடிக்காது. அதிலிருந்து யார் கேட்டாலும் அவருக்கு ஒரே பெண். நானும் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பேன்.

மனசு மாறியிருக்குமோ? இருந்தாலும் இருக்கும். வயசு ஐம்பத்திரண்டு ஆகிறதே.

இந்த டைரி உரக்கடையில் கொடுத்தது. ராகி டிரம்முக்கு அடியில் வைத்திருக்கிறேன். அந்த டிரம்மை என்னைத் தவிர யாரும் நகர்த்த மாட்டார்கள்.

ஏப்ரல் 15, திங்கள்

சௌமி பட்டியல் கொடுத்தாள். பதினோரு இடம். அதில் கப்பலும் ஒன்று.

ஏப்ரல் 18, வியாழன்

மூன்று நாளாக இதே வேலை. சௌமி செல்போனில் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவளுக்கு எங்கெங்கே போகலாம் என்பதுதான் முக்கியம். எப்போது பூட்டியிருக்கும் என்று பார்க்கிறவள் நான். இத்தனை தூரம் போய்ப் பூட்டின கதவைப் பார்த்துவிட்டு வந்தால் அதைச் சொல்லிச் சொல்லியே இவர் என்னைச் சாகடித்துவிடுவார். வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்குச் செவ்வாய் விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி. மெரினா கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள். மெட்ரோ ரயிலுக்கு லீவே கிடையாது, நம்மைப் போல.

சாயங்காலம் கொழுந்தனார் சிகாமணி வந்தார். அவரும் வருகிறாராம். "பொஞ்சாதியக் கூட்டிட்டு வாங்களேன்" என்றேன். "அவ வந்தா மாட்டை ஆரு பாக்கறதுங்க அண்ணி?" என்றார். அவருக்குப் புலியையும் கரடியையும் பார்க்க ஆசையாம். ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தாலும் உதைக்கிற ஆள். பிருந்தா வீட்டை விட்டுப் போன அந்த மாதமே லோகநாதனின் அப்பா வீட்டு ஓட்டை அடித்து நொறுக்கி, வாசலில் நின்ற வண்டிக்குத் தீ வைத்தவர் இவர்தான். அந்தப் பெரியவர் அதன்பிறகு ஊரை விட்டே போய்விட்டார்.

சரி, போகட்டும். மனுஷன் மாறக்கூடாதா? எனக்குத்தான் எதிலும் நொட்டை கண்டுபிடிக்கிற புத்தி.

ஏப்ரல் 21, ஞாயிறு

காலையில் அண்ணனும் தம்பியும் குலதெய்வம் கோயிலுக்குப் போய் வந்தார்கள். சாமியிடம் பூக் கேட்டார்களாம். சிலையின் தோளில் இரண்டு பக்கமும் பூ வைத்து, மனசில் நினைத்துக் கேட்டால், வலதுபக்கப் பூ விழுந்தால் உத்தரவு, இடதுபக்கம் விழுந்தால் கிடையாது. கிணறு வெட்ட, பெண் கொடுக்க, கோர்ட்டுக்குப் போக எங்கள் ஆட்கள் கேட்பார்கள்.

"கடல் பாக்கறதுக்குமாங்க சாமிகிட்டப் பூக் கேக்கோணும்?" என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. "உத்தரவு குடுத்துருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் களத்துக்குப் போனார்.

ஏப்ரல் 24, புதன்

இன்று பிருந்தாவோடு அரை மணி நேரம் பேசினேன். என் போனில் அவள் பேர் "டெய்லர் மல்லிகா". பேசியதும் அழித்துவிடுவேன். இந்த டைரிக்கு மட்டும்தான் தெரியும், எனக்குப் பேத்தி பிறந்து ஏழு மாதம் ஆகிறது என்று. மூக்கு அப்படியே இவருடைய மூக்காம். பாவம், பெண் பிள்ளைக்குப் போய்.

மெட்ராஸ் வருகிறோம் என்றேன். "ஏம்மா திடீர்னு?" என்றாள்.

"லீவுக்குத்தான் கண்ணு. அப்பா மாறிட்டாரு. பழைய கோவமெல்லாம் இப்ப இல்லே."

"என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

"வாய்ல சொன்னாத்தானா? அவரே மெட்ராஸ்னு பேரு எடுத்தாரு. அது போதாதா?"

"எனக்குப் பயமா இருக்குதும்மா."

நான் கெஞ்சினேன், மிரட்டினேன், அழுதேன். பெற்றவளுக்குப் பேத்தியை ஒரு தடவை தூக்கிப் பார்க்கக்கூட உரிமை இல்லையா என்று கேட்டேன். கடைசியில் சம்மதித்தாள். மே 19, ஞாயிறு, வண்டலூரில், வெள்ளைப்புலிக் கூண்டுக்கு எதிரே, பதினோரு மணிக்கு. நான் மட்டும் ஒதுங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். கூட்டத்தில் யாருக்குத் தெரியப்போகிறது?

விலாசத்தை மட்டும் எங்கேயும் எழுதக்கூடாது என்று குழந்தை வந்தபோதே சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் யாருக்குக் காட்டப்போகிறேன்? ஆனாலும் சத்தியம் சத்தியம். மனப்பாடமாக வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 29, திங்கள்

டிக்கெட் வந்துவிட்டது. மே 18ஆம் தேதி சனிக்கிழமை காலை ரயில், நாலு பேருக்கு. திரும்பி வர 21ஆம் தேதி, இரண்டு பேருக்கு. எனக்கும் சௌமிக்கும்.

"உங்க ரெண்டு பேருக்கு எங்கீங்க?" என்று கேட்டேன்.

"நாங்க அப்படியே திருப்பதி போயி மொட்டை போட்டுட்டு வர்றோம்."

"அப்ப நாங்களும் வர்றோமுங்க. திருப்பதி பாத்ததே இல்லே."

"வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கு நோட்டு புத்தகமெல்லாம் வாங்கோணுமல்ல. நீங்க வந்துருங்க."

பள்ளிக்கூடம் திறக்க ஜூன் ஆகும். திருப்பதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்களா என்று கேட்டேன். அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாமாம். களத்தில் மூட்டை தூக்க ஒரு கூலியாள் வைப்பதற்கே ஒரு வாரம் யோசிக்கிற மனுஷன்.

மே 3, வெள்ளி

சாப்பிடும்போது அவரே கேட்டார். "ஞாயித்துக்கெழம மிருகக்காட்சிசாலையில எத்தன மணிக்குள்ள இருக்கோணும்?"

பத்து மணிக்குள் என்றேன். ஒன்றும் கேட்கமாட்டேன் என்றவர் கேட்கிறாரே என்று இருந்தது. ஆசை வந்துவிட்டது போல.

சிகாமணி குழம்பை ஊற்றிக்கொண்டே, "உள்ள வாடகை சைக்கிள் இருக்குதுண்ணா. ஆனா வெளிய வர்றதுக்கு அந்த ஒரே கேட்டுத்தான். வண்டி நிறுத்தற எடம் அதுக்கு எதுத்தாப்புல" என்றார்.

"எப்பத் தம்பி போனீங்க நீங்க?" என்றேன்.

அண்ணனைப் பார்த்தார். "போனுல பாத்தனுங்க" என்றார்.

சௌமி, "சித்தப்பாவுக்குப் போன் எடுக்கவே தெரியாதே" என்று சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. நான் மோர் கொண்டுவரப் போய்விட்டேன்.

மே 6, திங்கள்

பேத்திக்கு வெள்ளிக் கொலுசு வாங்கினேன். சலங்கை அதிகம் வைத்தது. ராகி டிரம்முக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். மாவு அள்ளும்போது சத்தம் வருகிறது.

மே 9, வியாழன்

சந்தையில் கோயில் பூசாரியைப் பார்த்தேன். நன்றாகப் பேசுகிற மனுஷன், நிறுத்தத்தான் தெரியாது.

"உங்க ஊட்டுக்காரரு அன்னிக்கி என்னம்மா அப்படிக் கேட்டாரு? மொதத் தடவ கேட்டாரு, எடது பக்கம் விழுந்துது. ரெண்டாவது கேட்டாரு, மறுக்கா எடது பக்கம். போதுமுங்க, சாமி வேண்டாங்குதுன்னேன். கேக்கல. மூணாவது தடவ வலது பக்கம் விழுந்துது. அப்பறந்தான் எந்திரிச்சாரு."

"என்ன கேட்டாருங்க?"

"மனசுக்குள்ள கேக்கறது எனக்கு எப்படீம்மா தெரியும்? தம்பி ஒரு பொட்டணத்தச் சாமி பாதத்துல வெச்சு எடுத்துட்டுப் போனாரு. துண்டுல சுத்தி, ஒரு மொழம் இருக்கும்."

என்னவாக இருக்கும்? களத்தில் மட்டை உரிக்கிற சூலாயுதம் புதிதாக வாங்கினார்கள், அதுவாக இருக்கும். எந்தச் சாமானையும் சாமி பாதத்தில் வைத்து எடுப்பது வழக்கம்தான். அதுவாகத்தான் இருக்கும்.

மே 11, சனி

எழுத ஒன்றும் இல்லை. புளியோதரைக்குப் புளி ஊறப்போட வேண்டும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மே 12, ஞாயிறு

ராகி மாவு அரைக்க மில்லுக்குப் போனேன். கூட்டம். மில்லுக்காரம்மாவோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு வரத் தாமதமாகிவிட்டது. டிரம்மைக் கழுவிக் காயவைத்துப் பழையபடி வைத்துவிட்டேன்.

மே 13, திங்கள்

பிருந்தா பேசினாள். ஞாயிற்றுக்கிழமை வண்டலூருக்கு வர முடியாதாம். சனிக்கிழமை குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிறார்கள், மறுநாள் காய்ச்சல் வரும் என்கிறாள். அதனால் நாளையும் இடத்தையும் மாற்றிவிட்டோம். திங்கட்கிழமை, மே 20, மாலை நான்கு மணி, மெரினா கலங்கரை விளக்கத்தின் வாசல். லோகநாதன் வேலைக்குப் போய்விடுவானாம். அவளும் குழந்தையும் மட்டும் வருவார்கள்.

தி.நகரில் புடவை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சௌமியோடு ஆட்டோவில் போய்விடலாம் என்று இருக்கிறேன். இவரிடம் எப்படி அனுமதி வாங்குவது என்பதுதான் கவலை. பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. என்றைக்காவது ஒரு நாள் நானே சொல்லி, பேத்தியை அவர் மடியில் உட்கார வைப்பேன்.

மே 17, வெள்ளி

எல்லாம் கட்டியாகிவிட்டது. புளியோதரை, தட்டுவடை, சௌமிக்கு வாந்தி மாத்திரை. இவர் என்னைக் கூப்பிட்டு, "உனக்கு மெட்ராஸ்ல ஒரு நல்ல பொடவ எடுத்துக்கோ" என்றார். நல்ல மனுஷன். இந்த டைரியையும் எடுத்துப்போகிறேன். பார்த்ததையெல்லாம் எழுதி வைக்க வேண்டாமா?

மே 18, சனி. சென்னை.

ரயிலில் எதிர் சீட்டில் சேலத்து அம்மா ஒருவர் இருந்தார். சௌமியைப் பார்த்து, "எத்தன பசங்க உங்களுக்கு?" என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "ஒண்ணே ஒண்ணுங்க" என்றார். அந்த அம்மா, "ஒத்தப் புள்ளையா வளருது, பாவம்" என்று சௌமிக்குக் கொய்யாப்பழம் கொடுத்தார். சௌமி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

சௌமி தட்டுவடை எடுக்கிறேன் என்று சிகாமணியின் நீலப் பையை இழுத்தாள். "கைய எடு!" என்று கத்திவிட்டார். பெட்டியே திரும்பிப் பார்த்தது. பிறகு அவரே இறங்கிப் போய் அவளுக்கு ஒரு குளிர்பானம் வாங்கி வந்தார். அந்தப் பையை அதன்பிறகு மடியிலேயே வைத்துக்கொண்டார்.

எழும்பூரில் லாட்ஜ். இரண்டு அறை. ஆண்களுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று.

மே 19, ஞாயிறு

வண்டலூர் போனோம். நல்ல நாள். சௌமி நீர்யானையைப் பார்த்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. பதினோரு மணிக்கு வெள்ளைப்புலிக் கூண்டுக்கு எதிரே இருந்தோம். புலி தூங்கிக்கொண்டிருந்தது. சிகாமணி அங்கேயே மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துக் குறட்டை விட்டார். இவர் எல்லோருக்கும் ஐஸ் வாங்கிக் கொடுத்து, "நாளைக்கு நீங்க எங்க போறீங்க?" என்றார். புடவை எடுக்கலாம் என்று இருக்கிறேன் என்றேன். "போயிட்டு வாங்க" என்றார்.

மே 20, திங்கள்

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்ததும் நான் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார். "நீயும் சௌமியும் தி.நகர் போயிட்டு வாங்க. எனக்குத் தல வலிக்குது. நாங்க ரூம்லயே படுத்துக்கறோம். மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்லே."

மூன்று மணிக்குக் கிளம்புகிறோம்.

மே 20, மாலை

மகளிர் காவல் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த டைரியை இவர்கள் வாங்கிக்கொள்ளப் போகிறார்கள். அதற்கு முன்னால் எழுதவேண்டியதை எழுதி முடியுங்கள் என்றார்கள். சௌமி என் மேல் சாய்ந்துகொண்டிருக்கிறாள்.

பன்னிரண்டாம் தேதி காலையில் ரயில் நேரம் பார்க்க டைரியைத் திறந்தேன். பழைய பக்கங்களைப் புரட்டும்போது ஜனவரியில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. "பிருந்தா மெட்ராஸிலேயே வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டாள்" என்று நான் எழுதிய பக்கம். அதன் ஓரத்தில் வட்டமாக எண்ணெய்க் கறை. என் கையில் எண்ணெய் இருக்கும், அடுக்களைக் கை. ஆனால் நான் டைரி எழுதும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உட்காருவேன். முகர்ந்து பார்த்தேன். தேங்காய்ப் பருப்பு வாடை. இருபத்து நான்கு வருடமாக என் தலையணையில் இருக்கிற வாடை.

ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். பேத்தி குப்புற விழுந்த பக்கத்தில் இருந்தது. ஏப்ரல் 24இல் இருந்தது, வெள்ளைப்புலி என்ற வரிக்குப் பக்கத்தில்.

இந்தப் பயணம் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. விலாசம் டைரியில் இல்லை. அவளை வெளியே கொண்டுவர ஒரு ஆள் வேண்டும். அவள் நம்புகிற ஆள். அதற்குத்தான் நான். பதினோரு இடம், லீவு நாள், ஆட்டோ, மெட்ரோ என்று ராப்பகலாகத் திட்டம் போட்டேனே, என் பெண்ணைக் கூட்டி வரத் திட்டம் போட்டிருக்கிறேன். என்னை மாதிரி முட்டாள் ஊரில் இல்லை. "அப்பா மாறிட்டாரு கண்ணு" என்று சொன்ன வாயும் என்னுடையதுதான்.

அன்றைக்கு மில்லுக்காரம்மாவின் போனிலிருந்து பிருந்தாவைக் கூப்பிட்டேன். "வராதே. நான் கூப்பிட்டாலும் வராதே. அழுதாலும் வராதே" என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. "சரிம்மா" என்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பயணமே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர்கள் வேறு வழி பார்த்திருப்பார்கள், எனக்குத் தெரியாமல். அதோடு, மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு நம்பிக்கையும் மிச்சம் இருந்தது. படித்தார், சரி. படித்தது பேத்தியைப் பார்க்கிற ஆசையில் இருக்கலாம் அல்லவா? பொட்டணம் சூலாயுதமாகவே இருக்கலாம் அல்லவா? அதனால்தான் பதின்மூன்றாம் தேதி அந்தப் பொய்ப் பக்கத்தை எழுதினேன். அவர் படிப்பதற்காக எழுதினேன். அதற்குப் பிறகு எழுதிய நல்ல மனுஷன், நல்ல நாள் எல்லாமே அவருக்காக எழுதியதுதான்.

கலங்கரை விளக்கத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இது எனக்குத் தெரியும். ஏப்ரல் பக்கத்தில் அவர் படித்திருந்தாலும் மனசில் நிற்காது, அவர் எந்த ஊருக்கும் திட்டம் போட்டவர் இல்லை. மேலே ஏறிப் பார்க்க வருகிற யாரும் இன்றைக்கு அங்கே வரமாட்டார்கள். நான்கு மணிக்கு அந்த வாசலில் அவர் நின்றால், இந்த டைரியைப் படித்துத்தான் நிற்க வேண்டும். நீலப் பை அறையிலேயே இருந்து, அவர் மட்டும் தனியாக நின்றால், நேராகப் போய் அவர் காலில் விழுந்து பிருந்தாவுக்குப் போன் போட்டுக் கொடுத்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பில்தான் கொலுசையும் கைப்பையில் எடுத்து வந்தேன்.

நேற்று வெள்ளைப்புலிக்கு எதிரே பதினோரு மணிக்கு அவர் கண் யாரையும் தேடவில்லை. சிகாமணி நிம்மதியாகத் தூங்கினார். தேடியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். நாளைக்குத்தான் என்று தெரிந்தவர்களின் தூக்கம் அது.

ஆட்டோக்காரரிடம் கலங்கரை விளக்கம் போகச் சொன்னேன். "லைட் அவுஸ் இன்னிக்கி லீவும்மா. மேல ஏற வுட மாட்டாங்க" என்றார்.

"தெரியுமுங்க. சும்மா அந்த வழியா ஒரு தடவ போங்க. நிறுத்த வேண்டாம்."

கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வண்டியை எடுத்தார்.

அவர் இருக்கக்கூடாது என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. எங்கள் குலதெய்வத்தை மட்டும் வேண்டவில்லை. மூன்றாவது தடவை வலது பக்கம் பூ விழவிட்ட சாமியிடம் எனக்கு என்ன பேச்சு?

கேட் பூட்டியிருந்தது. பார்வையாளர் யாரும் இல்லை, ஒரு சுண்டல் வண்டி மட்டும். கேட்டுக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் சிகாமணி. தலைவலி என்று படுத்திருந்த மனுஷன் சட்டையை மாற்றி, தலை வாரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ரோட்டில் வருகிற ஒவ்வொரு ஆட்டோவையும் குனிந்து பார்த்தார். சிகாமணியின் தோளில் நீலப் பை. ஜிப் பாதி திறந்திருந்தது. அவருடைய வலது கை பைக்குள் இருந்தது.

சௌமி, "அம்மா, அப்..." என்றாள். அவள் வாயைப் பொத்தி மடியில் அழுத்திக்கொண்டு நானும் குனிந்தேன். ஆட்டோ தாண்டிப் போனது. பொத்திய கையில் அவள் கண்ணீர் பட்டது. அவளுக்குப் பதின்மூன்று வயது. இன்னும் ஐந்தாறு வருடத்தில் அவளும் யாரையாவது பிடித்திருக்கிறது என்பாள்.

"எங்கம்மா போணும்?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். "பொம்பளப் போலீஸ் எங்கீங்க இருக்குது?" என்று கேட்டேன். வண்டியைத் திருப்பி இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு, நான் உள்ளே நுழைகிற வரைக்கும் வெளியே நின்றார்.

இங்கே எஸ்.ஐ. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவர் இத படிச்சாருன்னு எப்படிம்மா அவ்ளோ உறுதியா சொல்றீங்க?" என்றார்.

பதின்மூன்றாம் தேதிப் பக்கத்தை எழுதிய பிறகு நான் அதைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. ஒரு கிளிப் போட்டு மூடிவிட்டு, அடுத்த பக்கத்தில்தான் எழுதி வந்தேன். பார்த்தால் மெட்ராஸ் வருகிற தைரியமே போய்விடும் என்று பயம். இப்போது கிளிப்பை எடுத்து எஸ்.ஐ. அம்மாவிடம் நீட்டினேன். அவர் டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். "மாலை நான்கு மணி" என்ற எழுத்தின் மேல் பெருவிரல் அளவுக்கு எண்ணெய். காகிதத்தின் பின்பக்க எழுத்து அதன் வழியாகத் தெரிந்தது. ஒரு தடவை வைத்த விரல் இல்லை. என் வீட்டுக்காரர் திரும்பத் திரும்ப வைத்திருக்கிறார்.

எஸ்.ஐ. அம்மா எழுந்து போய் யாருக்கோ பேசினார். ஜீப் போயிருக்கிறது. இன்னும் திரும்பவில்லை.

நடுவில் என் போன் அடித்தது. எடுங்கள் என்று சைகை காட்டினார்கள்.

"எங்க இருக்கற?" என்றார் இவர். பின்னால் கடல் காற்று கேட்டது.

"கடையிலதானுங்க. பொடவ பாத்துட்டு இருக்கறோம். உங்களுக்குத் தலவலி எப்படி இருக்குதுங்க?"

"பரவால்ல. படுத்துட்டுத்தான் இருக்கறேன்." அப்புறம் கேட்டார், "கூட வேற ஆராச்சும் இருக்காங்களா?"

"சௌமி மட்டுந்தானுங்க."

"செரி. மெதுவா எடு" என்று வைத்துவிட்டார்.

பொய் தடங்கல் இல்லாமல் வந்தது. அதுதான் எனக்கே ஆச்சரியம். இருபத்து நான்கு வருடத்தில் அவர் பொய்க்கு நான் திருப்பிச் சொன்ன முதல் பொய் இது.

மறுபடியும் அடிக்கிறது. இந்தத் தடவை எடுக்க வேண்டாம் என்கிறார்கள்.

ஒரு போலீஸ்காரப் பெண் எதிரே உட்கார்ந்து எழுதிக்கொள்கிறாள். பேர் சொன்னேன். ஊர் சொன்னேன். வீட்டுக்காரர் பேரையும் சொன்னேன். "எத்தன பசங்கம்மா?" என்றாள். சௌமி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ரெண்டுங்க. ரெண்டும் பொண்ணு" என்றேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு சொல்கிறேன். குரல் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. வாசலில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பெரியவங்க விலாசம் சொல்லுங்க. பாதுகாப்புக்கு ஆள் அனுப்பணும்."

பேனாவோடு காத்திருந்தாள். இந்த டைரி என் மடியில் திறந்திருந்தது. மூடினேன். எழுந்து மேஜையைச் சுற்றிப் போய், குனிந்து, விலாசத்தை அவள் காதில் சொன்னேன்.